ரெண்டு பேர் போற வண்டி

டெல்லி பிளைட்டுக்குங்களா? நானும் அதுக்குத்தானுங்க. ஒண்ணே முக்கா மணி நேரம் லேட்டுன்னு போர்டுல போட்டுட்டாங்க பாருங்க. நின்னுட்டே இருந்தா கால் கடுக்கும், இப்படி வந்து உக்காருங்க. இந்தச் சேர்ல யாருமில்ல.

எனக்கு லேட்டானது ஒண்ணும் வருத்தமில்லீங்க. மத்தியானம் ஒரு மணி பிளைட்டுக்கு நான் வெடியால ஒம்போதுக்கே வந்துட்டேன். ஊட்டுல இருந்தாலும் சும்மாதான் இருக்கோணும், இங்கயும் சும்மாதான். இங்கயாச்சும் நாலு மனுசங்க போறாங்க வர்றாங்க. வெடியால இருந்து அந்த செக்யூரிட்டித் தம்பிகூடத்தான் பேசிட்டிருந்தேன். இப்ப அவரு அந்தக் கோடிக்குப் போயி நின்னுக்கிட்டாரு.

தம்பிக்கு எந்த ஊருங்க? பொள்ளாச்சியா! அட, ரொம்ப நல்லதாப் போச்சு. நான் கிணத்துக்கடவுதானுங்க. நீங்க போற வழி. என்ன வண்டில வந்திருக்கீங்க? இன்னோவாவா. டிக்கி காலியாத்தான இருக்கும்? உங்க பையன் ஒருத்தர்தான் வர்றாரா, தோள்பை ஒண்ணுதானா. அப்படீன்னா உங்ககிட்ட ஒரு ஒத்தாசை கேக்கோணும். பயந்துக்காதீங்க, பெருசா ஒண்ணுமில்ல. விசயத்தச் சொல்லீட்டுக் கேக்கறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

என்ற பேரு சென்னியப்பன். மில்லுல பிட்டர் மேஸ்திரியா இருந்தேன். எங்க ஊட்டுக்காரி கனடாவுல இருந்து டெல்லி வழியா வர்றாங்க. சுலோச்சனான்னு பேரு. எங்க பொண்ணு தேன்மொழி அங்கதான் இருக்குது. பிரசவத்துக்குன்னு போனவ, பதினாலு மாசமாச்சு. பிரசவம் முடிஞ்சு ஒரு வருசமாச்சு, அது வேற. இன்னைக்குத்தான் வர்றா. ரெண்டு பொட்டி இருக்குதாம், ஒவ்வொண்ணும் இருவத்தி மூணு கிலோ. அந்தப் பொட்டிய மட்டும் நீங்க உங்க வண்டில போட்டுட்டு வந்து எங்க ஊட்டு வாசல்ல எறக்கி உட்டீங்கன்னாப் போதும். அவ என்ற வண்டில வரோணும். என்ற பக்கத்துல உக்காந்து வரோணும். அதுக்குத்தானுங்க இத்தனையும்.

என்ற வண்டியா? அதா, அந்தத் தூணுக்கு அக்கட்ட பாருங்க. நாலு பசங்க நின்னு செல்லுல படம் புடிக்கறாங்களே, அந்தப் பச்சை வண்டி. இன்னொருக்கா நல்லாப் பாருங்க. எம்.ஜி.ன்னு பேரு, இங்கிலாந்து வண்டி. அறுவத்தஞ்சாம் வருசத்து மாடல். மொத்தமே ரெண்டு சீட்டுதான். கூரை துணிக்கூரை, மடக்கிப் பின்னால போட்டுக்கலாம். டிக்கின்னு ஒண்ணு இருக்குது, அதுல ஸ்டெப்னி போக ஒரு கட்டப்பை வெக்கலாம். பொறகு பொட்டிய எங்கங்க வெக்கறது? நேத்து ராத்திரிதான் இந்த ரோசனையே வந்துச்சு. பத்து வருசம் வண்டியச் செஞ்சவனுக்கு பொட்டி ஞாபகம் வரல பாருங்க.

அது எங்க மொதலாளி வண்டிங்க. வால்பாறை எஸ்டேட்டுக்கு இதுலதான் போவாரு. எம்பத்தாறோட நிறுத்திட்டாரு, முதுகு வலின்னு. அன்னைக்கு மில்லு கொடோன்ல பஞ்சு மூட்டைக்குப் பின்னால விட்டதுதான். மில்லு மூடுனதுக்கப்பறமும் அங்கயேதான் நின்னுச்சு. கொடோன இடிக்கறப்ப மொதலாளி பையன் என்னயக் கூப்பிட்டு, 'மேஸ்திரி, இத எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டறட்டுமா'ன்னாரு. இருவத்தெட்டு வருசம் இருட்டுல நின்ன வண்டிங்க. சீட்டுக்குள்ள கீரிப்புள்ள குட்டி போட்டிருந்துது. தரைத்தகடு துருவாப் போயி, உள்ள உக்காந்தா கால் மண்ணுல படும். எடுத்துக்கறேன்னு சொல்லீட்டேன்.

ஏன் எடுத்தேன்னு நீங்க கேக்கலியே? எல்லாரும் கேப்பாங்க. கல்யாணமான புதுசுங்க, எம்பத்தி நாலு. வால்பாறைல எங்க பெரியப்பன் ஊட்டு விருந்துக்கு பஸ்ஸுல போறோம். கொண்டை ஊசி வளைவுல பின்னால ஆரன் அடிச்சிட்டு இந்த வண்டி எங்களத் தாண்டிப் போச்சு. மொதலாளி ஓட்டறாரு, பக்கத்துல அவரு சம்சாரம் தலைல துண்டு கட்டிட்டு உக்காந்திருக்காங்க. சுலோச்சனா ஜன்னல்ல சாஞ்சுட்டு, 'அதுல போனா எப்படி இருக்கும்'னா. மனசுல வெச்சுக்கிட்டேன். முப்பது வருசம் கழிச்சு அதே வண்டி என்ற கைக்கு வருதுன்னா, அத உட முடியுங்களா?

அவ என்ன சொல்றாங்கறீங்க? 'நான் அப்படிச் சொல்லவே இல்லீங்க. அன்னைக்கு எனக்கு ஒரே வாந்தி. ஆழியாறுல மூடுன கண்ண வால்பாறை பஸ் ஸ்டாண்டுலதான் தொறந்தேன்'ங்கறா. மறந்திருப்பா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. அவதான் சொன்னா. இல்லாட்டி எனக்கென்னங்க அந்த வயசுல வண்டி ஆசை, சைக்கிளே எனக்குப் போதும்.

ஊட்டுக்குப் பின்னால பொடக்காளில துவைக்கற கல்ல எடுத்துட்டு அங்க செட்டுப் போட்டேன். இஞ்சின ஹால்ல வெச்சுப் பிரிச்சேன், வெளிய மழைத் தண்ணி படுமுல்ல. கியர்பாக்ஸ் ஒன்றரை வருசம் டைனிங் டேபிள் மேல இருந்துச்சு. நாங்க தரைல உக்காந்து சாப்பிட்டோம். ஒடம்புக்கு அதுதானுங்களே நல்லது? அவளுக்கு முழங்கால் வலிம்பா, எந்திரிக்கறப்ப செவுத்தப் புடிச்சுக்குவா. ஆனா ஒரு நாள் ஒரு சொல்லு சொன்னதில்ல. அந்த விசயத்துல அவள மாதிரி பொறுமை யாருக்கும் வராதுங்க.

இன்னொண்ணு சொல்லோணும். இந்த வண்டிய நான் மட்டும் செய்யல. அவளும்தான். எனக்கு இங்கிலீசு நட்டு, போல்ட்டு வரைக்கும்தான் வரும். அவ ஹைஸ்கூல்ல இங்கிலீசு டீச்சரா இருந்து ரிட்டயரானவ. வண்டிக்கு ஒரு புக்கு இருக்குது, இத்தத் தண்டி. சாயங்காலம் பொழுதோட காப்பி குடிச்சுட்டு, செட்டுல முக்காலி போட்டு உக்காந்து அத எனக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்லுவா. 'இடது இறக்கையைக் கழற்றவும்'ம்பா மொதல் நாள். வண்டிக்கு ஏதுடி இறக்கைன்னு ரெண்டு பேரும் முழிக்கறோம். கடைசில பாத்தா மக்கார்டுங்க! இங்கிலீசுக்காரன் மக்கார்ட இறக்கைங்கறான். அன்னைக்கு நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்குதே, பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க.

எட்டு வருசம் படிச்சா அவ. அந்தப் பொழுதோட நேரம்தான் என்ற வாழ்க்கையிலயே நல்ல நேரம். நெசமாத்தான் சொல்றேன். அவ கொரல்ல கேட்டா எப்பேர்ப்பட்ட வேலையும் சுளுவா இருக்கும். நடுநடுவுல ஊட்டு விசயத்தையும் சொல்லுவா. தேனுக்கு இந்த மாசமும் தள்ளிப் போகல, டாக்டர மாத்தலாமுன்னு இருக்குது, அழுதுச்சு போன்ல, இப்படி ஏதாச்சும். நான் 'மேல படி'ம்பேன். பின்ன என்னங்க, வால்வு கேப்பு அரை நூல்கூட இல்ல, தலைமசிரு மாதிரி இருக்குது, கையில கேஜ வெச்சுட்டு இருக்கறப்ப கவனம் செதறுனா மறுக்கா முதல்ல இருந்து வரோணும். அவளும் உடனே மேல படிப்பா.

காப்பி குடிக்கறீங்களா? வேண்டாமா. சரி.

பெயிண்டுக்கு உக்கடத்துல இருந்து யூசுப் பாய் வந்தாரு. என்ன கலருன்னு அவளத்தான் கேட்டேன். வெள்ளைன்னா. ஒரிஜினல் பச்சைதானே, அதுதானுங்களே மொறை, பச்சையே அடிச்சோம். அடிச்சு முடிச்சப்பறம் பாலீஷ் போடோணுமுங்க. அதுதான் பெரிய வேலை. பனியன் வேஸ்ட்டு இருக்குதுல்ல, திருப்பூர்ல இருந்து மூட்டை மூட்டையா வருமே, கிரீசு தொடைக்க எல்லா ஒர்க்சாப்லயும் அதுதான். ஆனா பாலீசுக்கு அது ஆகாது. அதுல தையல் இருக்கும், பிசிறு இருக்கும், கோடு விழுந்துரும். 'மேஸ்திரி, நூறு தடவ துவைச்ச பருத்திச் சேலை கெடைச்சா போடுங்க. பழசு பழசாகத்தான் மெதுவு'ன்னாரு பாய்.

அடுப்படில இருந்தா அவ. பழைய துணி இருக்குதான்னு செட்டுல இருந்தே சத்தம் போட்டேன். 'பீரோ மேல பைல இருக்குதுங்க'ன்னா. போயிப் பாத்தா ரெண்டு பை இருக்குது. ஒண்ணுல என்ற பழைய பனியன். இன்னொண்ணு மஞ்சப்பை, அதுல மடிச்சு ஒரே ஒரு சேலை. கத்திரிப்பூக் கலரு, வெளுத்துப் போயி ஆகாசம் மாதிரி ஆயிருந்துது. கையில எடுத்தா வெயிட்டே இல்ல. நடுவுல துணி இழுபட்டு இழுபட்டு பஞ்சா இருந்துச்சு. பாய் கேட்டது இதுதான்டான்னு எடுத்துட்டேன். கரை மட்டும் கெட்டியா இருந்துது, கீறிப் போடுமேன்னு கத்திரியில வெட்டிக் குப்பைல போட்டுட்டு, மிச்சத்த ஆறு துண்டாக்கிட்டேன்.

என்ன வேலை செஞ்சுதுங்கறீங்க அந்தத் துணி! பாய் அசந்துட்டாரு. இப்ப நீங்க போயி அந்தக் கதவுகிட்டக் குனிஞ்சு பாருங்க, தலை சீவிக்கலாம். அது பெயிண்டு இல்லீங்க, அந்தச் சேலையோட வேலை.

சாயங்காலம் ஆறு துண்டையும் சோப்புப் போட்டு அலசிக் கொடியில காயப் போட்டேன், அடுத்த நாளைக்கு வேணுமுல்ல. அவ வந்து பாத்துட்டு நின்னா. 'கரை எங்க?'ன்னா. குப்பைலன்னேன். குப்பை வண்டி மத்தியானமே போயிருச்சு. அப்பறம் ஒரு துண்ட எடுத்து மோந்து பாத்தா. பாலீசு வாடைதான் அடிக்கும். 'சரிங்க'ன்னு சொல்லீட்டு உள்ள போயிட்டா.

யூசுப் பாய்தான் என்ற பக்கத்துல வந்து, 'அக்கா மொகம் சரியில்ல மேஸ்திரி, என்னன்னு போயிக் கேளுங்க'ன்னாரு. கேட்டனுங்க. மறு நாள் கேட்டேன். அது தூரிச் சேலையாம். தேன்மொழி கொழந்தையா இருந்தப்ப விட்டத்துல கட்டி, அதுல போட்டுத்தான் ஆட்டுனாளாம். பன்னெண்டு வருசமாச்சு தேனுக்கு ஒரு கொழந்தை தங்க. தங்குனா அந்தச் சேலைய எடுத்துட்டுப் போயி அங்க தூரி கட்டோணும்னு வெச்சிருந்தாளாம். விசா வந்துருச்சு, இன்னும் மூணு வாரத்துல பிளைட்டு. பொட்டில மொதல்ல வெக்கறதுக்குன்னு பரண்ல இருந்து எறக்கி பீரோ மேல வெச்சிருக்கா.

எனக்கு எப்படிங்க தெரியும்? தேனு பொறந்தப்ப எனக்கு மில்லுல நைட் ஷிப்டு. பகல்ல அவ ஆட்டுவா, நான் தூங்கிட்டிருப்பேன். அந்தச் சேலைய நான் பாத்ததே கெடையாது. பழைய துணின்னு கேட்டேன், பீரோ மேலன்னு சொன்னது அவதானே? அதுவுமில்லாம அந்த ஊர்ல கூரையெல்லாம் அட்டையாம், கொக்கியே இருக்காதாம், எங்க கட்டறது தூரி? இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். வேணும்னா பத்துச் சேலை வாங்கித் தர்றேன்னும் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டா. சண்டையே போடல. அவ கொணம் அப்படிங்க, எதையும் மனசுல வெச்சுக்க மாட்டா.

மூணு வாரத்துல போயிட்டா. ஆறு மாசம்னு சொல்லிட்டுப் போனா.

போனதும் எனக்கு ஒரு கை ஒடிஞ்ச மாதிரிதான். வேலை இன்னும் பாக்கி இருக்குது, புக்கப் படிக்க ஆளில்ல. அப்பறம் ஒரு வழி கண்டுபுடிச்சேன். பக்கத்த செல்லுல படம் புடிச்சு அனுப்புவேன், அவ படிச்சுத் தமிழ்ல அனுப்புவா. எங்கயோ பனியில இருந்துட்டு வயரிங் சொல்லித் தந்தா. இந்த வண்டில எல்லாந் தலைகீழுங்க, பாசிட்டிவ் வயருதான் பாடில புடிக்கோணும். பேட்டரிக் கடைக்காரன் நம்பவே மாட்டேங்கறான். அவ அனுப்புனதக் காட்டித்தான் நம்ப வெச்சேன்.

கொழந்தை பொறந்த அன்னைக்கும் பாருங்க. போன் பண்ணுனா. பொண்ணுங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, அஞ்சே முக்காலுக்குப் பொறந்துச்சுன்னா. ரொம்ப சந்தோசம் அம்மணின்னேன். அப்படியே, வெடியால ஒரு பக்கம் அனுப்பியிருக்கேன், டைமிங் பத்தினது, பாத்தியான்னு கேட்டேன். லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோங்கறேன். 'பாத்துச் சொல்றேனுங்க'ன்னா. ஆஸ்பத்திரில இருந்துட்டு ரெண்டு மணி நேரத்துல பூராவும் எழுதி அனுப்பிட்டா. ஒரு வரி உடல. அத்தனை வேலைல அந்தப் பொறுப்பு யாருக்குங்க வரும்?

அதுக்கப்பறம் அவளா எதுவும் சொல்றதக் கொறைச்சுட்டா. நான் அனுப்பறதுக்குப் பதில் மட்டும் வரும். கொழந்தையப் பாத்துக்கறதே சரியா இருக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆறு மாசம் எட்டு மாசமாச்சு. எட்டு, பத்தாச்சு. கேட்டா, தேனு வேலைக்குப் போகோணுமுங்க, கொழந்தைய யாரு பாக்கறதுங்கறா. நாயந்தானே. நான் ஒருத்தன் இங்க என்ன பண்றேன்னு அவளும் கேக்கல, நானும் சொல்லல. வெடியால ஒரு ரசம் வெப்பேன். அதையே பொழுதோடயும் ஊத்திக்குவேன். டைனிங் டேபிள் இப்ப காலியாத்தான் இருக்குது, ஆனாலும் தரைலதான் உக்காந்து சாப்பிடறேன், பழகிப் போச்சு. செட்டுல அவ முக்காலி இருக்குதுங்க, அத எடுக்க மனசு வரல. வேலை செய்யறப்ப சில சமயம், 'மேல படி'ன்னு வாய் தன்னால சொல்லீரும். திரும்பிப் பாத்தா முக்காலி மேல டப்பா இருக்கும். அப்பல்லாம் ஒரு மாதிரி ஆயிருங்க. வேலைய அப்படியே போட்டுட்டு ரோட்டுக்குப் போயி பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டு வருவேன்.

போன தைப்பூசத்தன்னைக்கு இஞ்சின் எடுத்துச்சு. முப்பத்தெட்டு வருசம் கழிச்சு, ஒரே இழுப்புல! சத்தம்னா சத்தம், செட்டே அதிருது. திரும்பி இக்கட்டப் பாக்கறேன், அக்கட்டப் பாக்கறேன், சொல்றதுக்கு ஒரு ஆளில்ல. அழுதுட்டேன், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அவளுக்குப் போன் போட்டேன், அங்க நடுராத்திரி போல, எடுக்கல. சைலன்சர்கிட்டச் செல்ல வெச்சு ரெண்டு நிமிசம் சத்தத்தப் பதிவு பண்ணி அனுப்பிட்டேன். மறு நாள் பதில் வந்துச்சு. கட்டைவெரல் போட்டிருந்தா. இருங்க, காட்டறேன். கண்ணாடி போடாம தேட முடியல. இதா. பாத்தீங்களா? மஞ்சக் கட்டைவெரல்.

இப்ப எப்படி வர்றாங்கறீங்களா? டீச்சர் பென்சன் வாங்கறாளே, வருசத்துக்கு ஒருக்கா உயிரோட இருக்கறதா ஆபீசுல காட்டோணும். அதுக்குத்தான்னு சொன்னா. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா தம்பி? இப்பெல்லாம் அத செல்லுலயே பண்ணிக்கலாமாம். போஸ்ட் மாஸ்டர்தான் சொன்னாரு. அங்கிருந்தே முடிக்கறத இவ நேர்ல வர்றான்னா என்ன அர்த்தம்? வரோணும்னு இருக்குதுன்னுதானே அர்த்தம்? திரும்பிப் போற டிக்கெட் போட்டிருக்கியான்னு கேட்டேன். மூணு வாரங்கழிச்சுப் போட்டிருக்குதுங்க, மாத்திக்கலாம்னா. மாத்திக்கலாம்னு அவ வாயால சொன்னா. நான் கேட்டு வாங்கல.

அதனாலதான் இந்த வண்டியக் கொண்டாந்தேன். ஒரு டாக்சி புடிச்சிருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும். ஆனா அவ இந்த சீட்டுல உக்காந்து, நாப்பது வருசத்துக்கு முன்னால கேட்டத அனுபவிக்கோணும். பல்லடம் ரோட்டுலயோ எங்கயோ சுத்திட்டு, ஈச்சனாரி கோயில்ல ஒரு தேங்கா ஒடைச்சுட்டு, ஊட்டுக்குப் போகோணும். அப்பறம் அவ போக மாட்டான்னு எனக்குத் தோணுது. அவ கால் எட்டாதுன்னு அந்த சீட்ட ரெண்டு இஞ்சு முன்னால தள்ளி வெச்சிருக்கேன். அவ வெயிட்டுக்கு ஸ்பிரிங் சரியா இருக்குதான்னு அரிசி மூட்டைய வெச்சு ஊருக்குள்ள ஓட்டிப் பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

ஏனுங்க, எல்லாரும் எந்திரிக்கறாங்க? எறங்கீருச்சுங்களா? இந்தச் சட்டை கசங்கியிருக்குதுங்களா பின்னால? பொட்டி விசயம் ஞாபகம் வெச்சுக்குங்க தம்பி. நான் முன்னால போயி நின்னுக்கறேன். நீங்களும் வாங்க.

*

தம்பி. தம்பி, ஒரு நிமிசம். பையன் வந்துட்டாருங்களா? வாங்க கண்ணு, நல்லா இருக்கீங்களா. அப்பா மாதிரியே ஒசரம். தம்பி, நீங்க மட்டும் சித்த இப்படி வாங்க. அவளுக்குக் கேக்க வேண்டாம்.

அதா நிக்கறா பாருங்க, ஊதாச் சொட்டரு, பொட்டி வண்டியப் புடிச்சுட்டு. எளைச்சுட்டா. முடி பூரா நரைச்சுப் போச்சு, அங்க மை அடிக்க நேரமில்ல போல. என்னயப் பாத்ததும், 'சாப்பிட்டீங்களா?'ன்னு கேட்டா. பதினாலு மாசமாச்சு ஒருத்தர் என்னய அப்படிக் கேட்டு. நேரா வண்டிகிட்டக் கூட்டிட்டுப் போயிட்டேன். கதவத் தொறந்து புடிச்சுட்டு நின்னேன். சுத்தி வந்து பாத்தா. 'நல்லா வந்திருக்குதுங்க'ன்னா. கோவமெல்லாம் இல்ல, நல்லபடியாத்தான் சொன்னா. அப்பறம், 'இவ்வளவு தாழ்வா இருக்குது, இதுல எறங்கி உக்கார என்ற முழங்கால் மடங்காதுங்க. இருவது மணி நேரம் உக்காந்து வந்திருக்கறேன். நீங்க முன்னால போங்க, நான் டாக்சில வந்தர்றேன்'னா.

டாக்சி எதுக்குங்க, நீங்க இருக்கீங்களேன்னு சொல்லீட்டேன். கோச்சுக்காதீங்க. கணக்கு சித்த மாறிப் போச்சு, அவ்வளவுதான். அவ உங்க வண்டில வரட்டும், பின் சீட்டுல கால நீட்டிட்டு. ஒரு பொட்டியும் உங்ககூட வரட்டும். இன்னொண்ண நான் பக்கத்து சீட்டுல வெச்சு பெல்ட் போட்டுக்கறேன். அந்தப் பெரிய பொட்டி அங்க நிக்காது, சீட்டப் பின்னால தள்ளோணும். அது ஒண்ணும் நேரமாகாது, நாலு போல்ட்டு.

இன்னொரு ஒத்தாசை இருக்குதுங்க. இதக் கேக்கத்தான் கூப்பிட்டேன். சிரிக்காதீங்க.

இப்ப என்ன சொன்னான்னா, ஊட்டுக்குப் போனதும் தேனு வீடியோ போன்ல வருமாம், கொழந்தைய வெச்சுக்கிட்டு. 'பேர் சொல்லிக் கூப்பிட்டா நல்லாத் திரும்பிப் பாக்கறா, சிரிக்கறா. தாத்தா கூப்பிடட்டும்னு சொல்லி வெச்சிருக்கறேன்'ங்கறா. சொல்றப்ப அவ மொகத்தப் பாத்தேன். வந்ததுல இருந்து அப்பத்தான் சித்த சிரிச்சா.

எனக்குப் பேரு தெரியலீங்க தம்பி. சொல்லியிருக்கா, சொல்லாம இருப்பாளா. ஏதோ ரெண்டெழுத்து, புதுசா ஒரு பேரு. பேரு வெச்சுட்டுப் போன் பண்ணுனப்ப நான் டைமிங் பாக்கற பல்பக் கையில வெச்சிருந்தேன், சரி சரின்னுட்டேன். அப்பறம் எல்லாரும் பாப்பா பாப்பான்னே சொல்றாங்க, நானும் அப்படியே ஓட்டிட்டேன். இப்பத்தான் அந்தத் தூணுக்குப் பின்னால நின்னு செல்லு பூராத் தேடுனேன். பதினாலு மாசம் அவளும் நானும் பேசுனதெல்லாம் இருக்குது. எல்லாம் வண்டிப் பக்கந்தானுங்க. கார்புரேட்டர் இருக்குது, பிரேக் இருக்குது, கொழந்தை பேரு ஒரு எடத்துலயும் இல்ல. அவ அதுக்கப்பறம் எழுதவே இல்ல. நானும் கேக்கல.

இப்பப் போயி அவகிட்டயே எப்படிங்க கேக்கறது? கேட்டா ஒண்ணுஞ் சொல்ல மாட்டா. சரிங்கன்னு பேரச் சொல்லீருவா. ஆனா பொட்டித் துணிய எடுத்து பீரோல அடுக்க மாட்டா, எனக்குத் தெரியும். மூணு வாரம் பொட்டில இருந்தே எடுத்துக் கட்டிக்கிட்டு, அப்படியே திரும்பிப் போயிருவா.

நீங்க வழியில பேச்சோட பேச்சா கேளுங்க. பேத்தி பேரு என்னங்கம்மான்னு கேட்டா ஆசையாச் சொல்லுவா. ஒருத்தர் கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கும் அவளுக்கு. இன்னும் என்னென்ன சொல்றாளோ அதையும் கேட்டுக்குங்க, பாதில நிறுத்தாதீங்க. ஈச்சனாரிகிட்ட டீ குடிக்கற மாதிரி ஒரு நிமிசம் ஓரங்கட்டி, எனக்கு அந்தப் பேர மட்டும் சொல்லீட்டுப் போயிருங்க. மெதுவாவே ஓட்டுங்க. நான் முன்னால போகல, உங்க பின்னாலயேதான் வருவேன்.